கென்யா போகலாமா: எந்த மாவட்டம், எந்தச் சாலை, எந்த நேரம்?

18 மார்ச் 2024, கோவை வாசகரின் கேள்வி

ஜூலையில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் கென்யா செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். நைரோபியில் வண்டி வாடகைக்கு எடுத்து மசாய் மாரா, துர்கானா ஏரி, லாமு தீவு மூன்றையும் சாலை வழியாகவே பார்த்துவிட வேண்டும் என்பது எண்ணம். மேலை நாட்டு அரசுகளின் பயண எச்சரிக்கை வரைபடங்களில் நாட்டின் கிழக்கோரமும் வடக்கின் சில பகுதிகளும் சிவப்பாக இருக்கின்றன. அங்கே போய் வந்த உறவினர் ஒருவரோ, நாடு முழுவதும் நிம்மதியாகச் சுற்றலாம், பயமே தேவையில்லை என்கிறார். எதை நம்புவது?

18 மார்ச் 2024, இரவு

உங்கள் உறவினர் நைரோபி, மாரா, மொம்பாசா ஆகியவற்றோடு திரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த அளவில் அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் கென்யாவின் பரப்பு தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ நான்கரை மடங்கு. கவுண்டி எனப்படும் மாவட்டங்கள் 47 உள்ளன. மாராவுக்குப் போய்வந்தவரின் அனுபவத்தை வைத்து, சோமாலியா எல்லையிலுள்ள மண்டேராவைப் பற்றி ஒன்றும் சொல்ல இயலாது. நைரோபியில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் என் கருத்து இது: கென்யா பாதுகாப்பானதா என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது, எந்த மாவட்டம், எந்தச் சாலை, எந்த நேரம் என்று கேட்டால் கிடைக்கும்.

நீங்கள் குறித்திருக்கும் மூன்று இடங்களும் மூன்று வேறு நிலைமைகளில் இருக்கின்றன. மாராவுக்கு மாய் மாஹியு, நாரோக் வழியாகச் சாலையில் செல்லலாம், பகலில் செல்லுங்கள். லாமு தீவுக்கு விமானத்தில் மட்டும் செல்லுங்கள். துர்கானா ஏரிக்குக் குடும்பத்துடன் சாலை வழியாகச் செல்ல வேண்டாம். காரணங்களை நாளை விரிவாக எழுதுகிறேன்.

19 மார்ச் 2024

முதலில் கிழக்கு. சோமாலியா எல்லையை ஒட்டிய மண்டேரா, வஜீர், கரிஸ்ஸா, லாமு ஆகிய மாவட்டங்களில் அல்-ஷபாப் என்ற சோமாலியத் தீவிரவாத அமைப்பின் தாக்குதல்கள் 2011க்குப் பிறகு தொடர்ந்து நடந்துவருகின்றன. அந்த ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் லாமுவை ஒட்டிய கடற்கரையில் வெளிநாட்டவர் கடத்தப்பட்டனர். அக்டோபரிலேயே கென்ய ராணுவம் சோமாலியாவுக்குள் நுழைந்தது. அதற்குப் பழிவாங்குவதாகக் கூறியே பின்வந்த பெரிய தாக்குதல்கள் பலவும் நடத்தப்பட்டன. 2014 ஜூனில் லாமு மாவட்டத்தின் பெருநிலப் பகுதியிலுள்ள ம்பெகெட்டோனியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2014 நவம்பரில் மண்டேராவிலிருந்து நைரோபிக்குப் புறப்பட்ட பேருந்தை நிறுத்தி, முஸ்லிம் அல்லாதவர்களைப் பிரித்து 28 பேரைச் சுட்டனர். 2015 ஏப்ரல் 2 அன்று கரிஸ்ஸா பல்கலைக்கழகத்தில் 148 பேர் இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாணவர்கள்.

இவற்றில் இறந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே கென்யர்கள். சிவப்பு வண்ணம் நமக்கு ஒரு பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறது. அங்கே வாழ்பவர்களுக்கு அது பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இல்லாத நிலையைக் குறிக்கிறது, ஏனென்றால் வெளியூர் ஆசிரியர்கள் குறிவைத்துக் கொல்லப்பட்டதால் அவர்களை அரசே அப்பகுதியிலிருந்து திரும்ப அழைத்துக்கொள்ள நேர்ந்தது. 2015 டிசம்பரில் மண்டேரா பேருந்து ஒன்று மீண்டும் நிறுத்தப்பட்டபோது, உடன் வந்த முஸ்லிம் பயணிகள் பிரிந்து நிற்க மறுத்துக் கிறிஸ்தவப் பயணிகளைக் காத்தார்கள். அதில் காயமடைந்த முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் அடுத்த மாதம் இறந்தார். வடகிழக்கு என்றதும் ஆபத்தை மட்டும் நினைப்பவர்கள் இதையும் நினைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

லாமு தீவுக்கு வருகிறேன். பழைய லாமு நகரம் 2001 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். பவளக்கல் வீடுகள், செதுக்கு வேலைப்பாடுள்ள கதவுகள், சரக்குச் சுமக்கும் கழுதைகள் என்று அதன் அழகு தனி. தீவுக்குள் இருக்கும் நிலைமையும் பெருநிலப் பகுதியின் நிலைமையும் ஒன்றல்ல என்பதால்தான் பிரிட்டனின் எச்சரிக்கை லாமு மாவட்டத்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டு லாமு தீவையும் மண்டா தீவையும் விலக்குகிறது. விமான நிலையம் மண்டா தீவில் உள்ளது. அங்கிருந்து படகில் சில நிமிடங்களில் நகரத்தை அடையலாம். ஆனால் மாலிந்தியிலிருந்து கார்சென் வழியாக லாமு செல்லும் சாலை வாகனங்கள் தாக்கப்படும் சாலை. அருகிலுள்ள போனி காட்டில் பதுங்கும் அல்-ஷபாப் ஆட்களுக்கு அது எட்டும் தூரம். பேருந்துகள் காவலுடன் செல்வதைப் பார்த்துவிட்டு, காவல் இருக்கிறதே என்று தைரியம் கொள்பவர்கள் உண்டு. காவல் தேவைப்படுகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

19 மார்ச் 2024, மேலும்

வடமேற்கின் காரணங்கள் வேறு. துர்கானா, மேற்குப் போகொட், பாரிங்கோ, எல்கேயோ மராக்வெட், சம்புரு, லைகிபியா ஆகிய ஆறு மாவட்டங்களில் கால்நடைக் கொள்ளை பழைய வழக்கம். ஈட்டியின் இடத்தைத் துப்பாக்கி பிடித்த பிறகு அது போராகிவிட்டது. அண்டை நாடுகளின் உள்நாட்டுப் போர்களிலிருந்து கசிந்த ஆயுதங்கள், மழை பொய்க்கும்போது சுருங்கும் மேய்ச்சல் நிலம், கொள்ளையடித்த மாடுகளை நகரச் சந்தையில் விற்றுக் காசாக்கும் வியாபாரிகள், தேர்தல் கணக்குப் போடும் உள்ளூர்த் தலைவர்கள் என எல்லாம் சேர்ந்துகொண்டன. 2012 நவம்பரில் பாரகொய்க்கு அருகே சுகுட்டா பள்ளத்தாக்கில் திருடப்பட்ட மாடுகளை மீட்கச் சென்ற காவலர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் பதுங்கியிருந்தவர்களால் கொல்லப்பட்டனர். 2023 பிப்ரவரியில் அரசு இந்த ஆறு மாவட்டங்களுக்கும் ராணுவத்தை அனுப்பியது.

சுற்றுலாப் பயணி அங்கே யாருக்கும் இலக்கு கிடையாது. ஆனால் கிடாலேயிலிருந்து லோட்வார் செல்லும் சாலையில் மரிச் கணவாய், கைனுக் பகுதிகளைக் கடக்கும் வண்டிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்திருக்கிறது. வண்டிக்குள் இருப்பவர் யார் என்பது குண்டுக்குத் தெரியாது. துர்கானா ஏரியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் லோட்வாருக்கு விமானத்தில் சென்று, அங்கேயே வண்டியும் உள்ளூர் வழிகாட்டியும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பிள்ளைகளுடன் செல்லும் முதல் பயணத்தில் அதைத் தவிர்த்துவிட்டு, அந்த நாட்களை மாராவுக்கும் நைவாஷா ஏரிக்கும் கொடுப்பேன்.

24 மார்ச் 2024

சேலம் வாசகர், வெஸ்ட்கேட் வணிக வளாகத் தாக்குதலை நினைவூட்டி, நைரோபியே ஆபத்தான இடம்தானே என்று கேட்டிருக்கிறார்.

2013 செப்டம்பர் 21 அன்று தொடங்கிய அந்தத் தாக்குதலில் 67 பேர் இறந்தனர்; இந்தியர்களும் அவர்களில் இருந்தனர். அது நடந்த வெஸ்ட்லாண்ட்ஸும் அடுத்துள்ள பார்க்லாண்ட்ஸும் நம்மவர்கள் அதிகம் வாழும் பகுதிகள் என்பதால், இங்குள்ள இந்தியக் குடும்பங்களில் அந்த நாளை மறந்தவர் எவருமில்லை. 2019 ஜனவரியில் ரிவர்சைட் பகுதியில் ஒரு ஓட்டல் வளாகம் தாக்கப்பட்டு 21 பேர் இறந்தனர். அதற்கும் முன்பு, 1998 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கத் தூதரகத்தின் மீதான குண்டுவெடிப்பு நைரோபியில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. எனவே ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வணிக வளாகங்களின் வாசலில் வண்டியின் அடிப்பாகத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும், பையைச் சோதிப்பதும் அன்றாட நடைமுறையாகிவிட்டன. அலுப்புக் காட்டாமல் ஒத்துழையுங்கள்.

ஆனால் நைரோபியில் பயணி உண்மையில் இழப்பது பெரும்பாலும் கைபேசியைத்தான். குளோப் சந்திப்பில் நெரிசலில் வண்டி நின்றிருந்தபோது, பாதி திறந்திருந்த கண்ணாடி வழியாக என் கையிலிருந்த கைபேசியைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். பட்டப்பகல், சுற்றிலும் நூறு வண்டிகள். போடா போடா எனப்படும் மோட்டார் சைக்கிளில் வந்து, நடைபாதையில் நிற்பவரிடம் பறிப்பதும் உண்டு. டாம் ம்போயா தெருவிலும் ரிவர் ரோட்டிலும் பகலிலேயே கவனம் தேவை. இருட்டிய பிறகு நகர மையத்தில் நடக்கவே வேண்டாம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் உணவகத்துக்கும் செயலி வழியாக வண்டி பிடித்துச் செல்லுங்கள். வண்டியில் ஏறுமுன் பதிவெண்ணைச் சரிபாருங்கள். கொள்ளையர் வழிமறித்தால் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள், எதிர்த்தவர்களே காயப்பட்டிருக்கிறார்கள். கத்தி முனையில் எம்-பேசா என்ற கைபேசிப் பணக் கணக்கிலிருந்து பணம் அனுப்ப வைப்பதும் நடப்பதால், கைபேசிக் கணக்கில் அன்றைய செலவுக்கு மட்டும் வைத்திருப்பது இங்கே பலருடைய வழக்கம்.

27 மார்ச் 2024

மொம்பாசா இன்றும் தடைப் பட்டியலில் இருப்பதாக ஒருவர் எழுதியுள்ளார். அது பழைய செய்தி. 2014 மே மாதம் பிரிட்டன் மொம்பாசாவுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்தபோது, சுற்றுலா நிறுவனங்கள் அங்கிருந்த பயணிகளை விமானமேற்றித் திருப்பி அனுப்பின. அடுத்த ஆண்டு அந்த அறிவிப்பு விலக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கடற்கரை ஓட்டல்கள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். எனக்குத் தெரிந்த சமையற்காரர் ஒருவர் குடும்பத்தைக் கிலிஃபியில் விட்டுவிட்டு நைரோபிக்கு வேலை தேடி வந்தார்.

எச்சரிக்கைகளைப் புறக்கணியுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தேதியைப் பாருங்கள், எல்லைக் கோட்டைப் பாருங்கள் என்கிறேன். 2018 நவம்பரில் கிலிஃபி மாவட்டத்தின் உட்பகுதியிலுள்ள சகாமா என்ற சிற்றூரிலிருந்து இத்தாலியத் தன்னார்வலர் ஒருவர் கடத்தப்பட்டு 2020 மே மாதம்தான் மீட்கப்பட்டார். அதே மாவட்டத்தின் கடற்கரை விடுதியில் தங்குபவருக்கும், உட்பகுதிக் கிராமத்தில் தனியே தங்குபவருக்கும் ஒரே அளவு ஆபத்து என்று யாரும் சொல்ல முடியாது. நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு 2017 முதல் ஓடும் ரயிலில் செல்லுங்கள். லாரிகள் நிறைந்த அந்த நெடுஞ்சாலையில் இரவில் செல்வதை இந்த ஒரு முடிவால் தவிர்த்துவிடலாம்.

30 மார்ச் 2024

தடுப்பூசி, மலேரியா பற்றிக் கேட்ட தூத்துக்குடி வாசகருக்குச் சுருக்கமாக: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும். சான்று இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தப்படுவீர்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள், முன்பதிவு செய்யுங்கள். நைரோபி உயரமான இடம் என்பதால் மலேரியா குறைவு. கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் அதிகம். தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரைக் கேளுங்கள். ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால், கென்யா போய் வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

2 மே 2024

மாராவுக்குச் சாலையில் செல்லலாம் என்று 18 மார்ச் குறிப்பில் எழுதியிருந்தேன். அதே சாலையிலுள்ள மாய் மாஹியுவில் ஏப்ரல் 29 அதிகாலையில் வெள்ளம் வீடுகளை அடித்துச் சென்றது. நாற்பதுக்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்துள்ளன. அணை உடைந்தது என்று முதலில் பரவியது. ரயில் பாதையின் அடியில் நீர் செல்லும் வழி மண்ணாலும் மரங்களாலும் அடைபட்டு, தேங்கிய நீர் ஒரே மூச்சில் உடைத்துக்கொண்டு வந்ததாக நீர்வள அமைச்சகம் கூறுகிறது. நேற்று மாராவிலேயே தாலேக் ஆறு கரை புரண்டு முகாம்களுக்குள் புகுந்தது. பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள்.

மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம். இந்த மாதங்களில் மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்பதிவு செய்பவர்கள், ஆற்றங்கரைக் கூடாரத்தை மறுத்து மேட்டில் இடம் கேளுங்கள். நைவாஷா அருகே ஹெல்ஸ் கேட் பூங்காவின் குறுகிய பாறைப் பள்ளத்தாக்கில் 2019 செப்டம்பரில் திடீர் வெள்ளம் வந்து, நடைப்பயணம் சென்ற குழுவில் ஏழு பேர் இறந்தனர். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேல்நிலத்தில் பெய்த மழை அங்கே இறங்கும். இன்று போக வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால் போக வேண்டாம்தான். பணம் கட்டிவிட்டோம் என்று வற்புறுத்தாதீர்கள்.

இங்கே எல்லோரும் துப்பாக்கியைப் பற்றியே கேட்கிறீர்கள். நானும் முதலில் அதைத்தான் விரிவாக எழுதினேன். மழையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

26 ஜூன் 2024

நேற்று நைரோபியில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வரி மசோதாவை எதிர்த்துத் திரண்ட இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தனர். காவல்துறை சுட்டதில் பலர் இறந்தனர். இன்று அதிபர் ரூட்டோ மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்று அறிவித்துவிட்டார். போராட்டம் அடங்குமா என்று கோவை வாசகர் கேட்கிறார்.

உடனே அடங்காது என்று கருதுகிறேன். ஆனாலும் பயணத்தை ரத்து செய்யச் சொல்ல மாட்டேன். இந்த இளைஞர்களின் கோபம் அரசின் மீது. வெளிநாட்டவரிடம் அவர்களுக்கு விரோதம் இல்லை. ஆபத்து கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சூடு, மூடப்பட்ட சாலைகள், கூட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் கொள்ளையர் ஆகியவற்றில் உள்ளது. செவ்வாய், வியாழக்கிழமைகளில் கூடுவதே வழக்கமாகியிருப்பதால் அந்த நாட்களில் நகர மையத்தைக் கடக்கும்படி எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். விமானம் இறங்கிய இரவு நகருக்குள் வராமல் விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில் தங்கி, விடியற்காலையில் மாராவுக்குப் புறப்படுங்கள். போராட்டத்தைப் படம் பிடிக்க நிற்காதீர்கள். இறந்த பிள்ளைகளில் பலர் இருபது வயதைச் சுற்றியவர்கள். என் அலுவலகத்தில் இன்று யாராலும் வேலை பார்க்க முடியவில்லை.

4 ஆகஸ்ட் 2024

கோவை வாசகர் குடும்பத்துடன் நலமாகத் திரும்பியதாக எழுதியுள்ளார். லாமுவுக்கு விமானத்தில் சென்றார்கள், துர்கானாவை விட்டுவிட்டார்கள். பயணம் முழுவதிலும் மனைவி அஞ்சியது ஒரே இடத்தில்தான் என்கிறார்: மாய் மாஹியு மலைச்சரிவில், வளைவில் எதிரே லாரி வரும்போது ஓட்டுநர் முந்த முயன்றபோது.

12 ஜூன் 2025

ஓராண்டு கழித்து இந்த இழைக்கு வருத்தத்துடன் வருகிறேன். ஜூன் 9 அன்று, கத்தாரிலிருந்து சுற்றுலா வந்த இந்தியக் குழுவின் பேருந்து நியாண்டருவா மாவட்டத்தில் கவிழ்ந்து, கேரளத்தைச் சேர்ந்தவர்கள் உட்படச் சிலர் இறந்தனர்; குழந்தைகளும் அவர்களில் உண்டு. எந்த நாட்டின் எச்சரிக்கை வரைபடத்திலும் சிவப்பாக இல்லாத பகுதி அது.

கென்யச் சாலைகளில் ஆண்டுக்கு நான்காயிரத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். பயங்கரவாதத்தில் அந்த எண்ணிக்கைக்கு அருகில் வரும் ஆண்டு ஒன்றுகூட இந்நாட்டு வரலாற்றில் இல்லை. சென்ற ஆண்டு கோவை அம்மையார் மலைச்சரிவில் அஞ்சியது முற்றிலும் சரியான அச்சம். எனவே சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் ஓட்டலின் தரத்தைக் கேட்பதற்கு முன், எல்லா இருக்கைகளிலும் பாதுகாப்புப் பட்டை இருக்கிறதா, ஓட்டுநர் முந்தைய நாள் எத்தனை மணி நேரம் ஓட்டினார், ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நிலநடுக்கோட்டு நாடாகையால் ஆண்டு முழுவதும் ஆறரை மணியளவில் இருட்டிவிடும். அதற்குள் தங்குமிடம் சேரும்படி திட்டமிடுங்கள். வேகமாகப் போனால் நிறுத்தச் சொல்லுங்கள். மரியாதைக்காக வாய் மூடி உட்காரும் நம் வழக்கம் இங்கே உதவாது. மட்டாட்டு சிற்றுந்துகளில் நீண்ட தூரம் செல்ல வேண்டாம்.

10 ஜூலை 2025

சென்ற ஆண்டுப் போராட்டத்தின் நினைவு நாளான ஜூன் 25 அன்றும், மூன்று நாட்களுக்கு முன் ஜூலை 7 அன்றும் மீண்டும் உயிர்கள் போயின. ஜூலை 7 அன்று நகர மையத்துக்குள் செல்லும் சாலைகளைக் காவல்துறை காலையிலேயே அடைத்தது. இந்த இரு தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

2027 ஆகஸ்டில் பொதுத்தேர்தல் வருகிறது. 2007 தேர்தலுக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டு, ஆறு லட்சம் பேர் வீடிழந்தனர். பிளவுப் பள்ளத்தாக்கில் நகுரு, எல்டோரெட் பகுதிகள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. 2017இல் உச்ச நீதிமன்றம் முடிவை ரத்து செய்ததால் பதற்றம் அக்டோபர் வரை நீண்டது. 2022 பெரும்பாலும் அமைதியாகக் கழிந்தது. ஆகஸ்ட் மாதம் மாராவில் வில்டபீஸ்ட் எனப்படும் பெரிய மான்கள் ஆற்றைக் கடக்கும் பருவமும் ஆகையால் பலர் அப்போதுதான் வருகிறார்கள். 2027இல் மட்டும் வேறு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது கட்டணத்தைத் திரும்பப் பெறும்படி முன்பதிவு செய்யுங்கள்.

1 நவம்பர் 2025

அக்டோபர் 28 அன்று டியானியிலிருந்து மாராவுக்குப் புறப்பட்ட சிறு விமானம் க்வாலே மலைப்பகுதியில் விழுந்து, ஹங்கேரி, ஜெர்மனி நாட்டுப் பயணிகள் பத்துப் பேரும் விமானியும் இறந்தனர். லாமுவுக்கும் லோட்வாருக்கும் விமானத்தில் போகச் சொன்னீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று சேலம் வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, இரண்டு நாட்களாக யோசித்தேன்.

அந்த இரண்டு இடங்களுக்கும் என் கருத்து மாறவில்லை, ஏனெனில் மாற்று வழியாக இருக்கும் சாலைகளை நான் அறிவேன். ஆனால் நல்ல தார்ச்சாலை உள்ள மாராவுக்கு, பகலில், நிதானமான ஓட்டுநருடன் செல்வதா, சிறு விமானத்தில் செல்வதா என்று கேட்டால், இரண்டையும் சமமாகவே வைப்பேன். விமானத்தில் செல்பவர்கள் வானிலையால் புறப்பாடு தள்ளிப்போவதற்கு இடம் வைத்துத் திட்டமிட வேண்டும். ஊர் திரும்பும் பன்னாட்டு விமானத்தை அதே நாளில் வைத்துக்கொண்டு, மேகம் கவிந்திருக்கும்போது விமானியை நெருக்கும் நிலைக்கு வந்துவிடாதீர்கள். மென்மையான பை, பதினைந்து கிலோ என்ற எடை வரம்பு விமானத்தின் பாதுகாப்புக்கானது. அதில் பேரம் பேச வேண்டாம்.

3 நவம்பர் 2025

அவசர எண்களைக் கேட்டவருக்கு: 999 அல்லது 112. ஆனால் பூங்காக்களிலும் வடக்கிலும் மருத்துவ வண்டி வந்து சேரும் நேரத்தை நம்பி இருக்க முடியாது. நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து இயங்கும் அம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவையில் சுற்றுலாப் பயணிகளும் குறுகிய காலச் சந்தா கட்டலாம். இந்தியாவில் வாங்கும் பயணக் காப்பீடு விமான மீட்புச் செலவை ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கடவுச்சீட்டின் நகலைத் தனியே வையுங்கள். பயணத் திட்டத்தை இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். வடக்கே செல்ல வேண்டிய பணி உள்ளவர்கள் புறப்படும் நாள் காலையில் அந்த மாவட்டத்தில் வசிக்கும் ஒருவரிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள். முந்தைய வாரத்துச் செய்தி அந்தச் சாலைகளுக்குப் போதாது.